நூறு கிலோமீட்டர் ஆழம் போய்த் திரும்பிய கல்

டோம்பிவிலி நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நிற்கும்போது கீழே பாதையைப் பார்த்திருப்பீர்கள். சிலீப்பர்களுக்கு இடையே நிறைந்து கிடக்கும் கருநிற ஜல்லியை ரயில்வேயில் 'பேலஸ்ட்' என்போம். இந்தப் பக்கத்தில் அது பசால்ட் என்னும் எரிமலைப் பாறையை உடைத்து எடுத்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த பாறைக்குழம்பு, படிப்படியாக உறைந்து தக்காணத்தின் இந்தப் பகுதியாயிற்று. 1916-இல் திறக்கப்பட்ட பார்சிக் சுரங்கத்தைக் குடைந்ததும், போர் காட்டில் பாதை வெட்டியதும் இதே பாறையில்தான். நம்மூர்க் கோயில்களில் இருக்கும் கருங்கல் வேறு வகை. நிறம் கறுப்பாக இருப்பதால் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம்.

இந்த ஜல்லியில் ஒன்றை எடுத்து, பூமிக்குள் 100 கிலோமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, மறுபடி மேலே கொண்டுவந்தால் அது எப்படி இருக்கும்? விளையாட்டுக் கேள்வி அல்ல. நம் நாட்டிலேயே அப்படிப் போய்த் திரும்பிய பசால்ட் இருக்கிறது. லடாக்கில், லே நகரிலிருந்து தென்கிழக்கே 200 கி.மீ.க்கு மேல் பயணம் செய்தால் சோ மோரிரி என்ற ஏரி வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரம். அந்த ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் அந்தக் கல்லைக் காணலாம். புவியியல் அறிஞர்கள் இந்த மாற்றத்தை மீயுயர் அழுத்த உருமாற்றம் என்கிறார்கள்.

முதலில் அந்தக் கல்லின் பூர்வீகத்தைப் பார்ப்போம். தக்காணக் குழம்புக்கு வெகுகாலம் முன்பே, சுமார் 28.9 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்றைய இந்திய நிலத்தின் வடக்கு ஓரத்தில் இதே போன்ற குழம்பு வழிந்தது. அதற்குப் 'பஞ்சால் டிராப்' என்று பெயர். காஷ்மீரின் பீர் பஞ்சால் மலைத்தொடரில் அது நிறைய இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. டிராப் என்றால் ஸ்வீடன் நாட்டு மொழியில் படிக்கட்டு. நம் பக்கத்து மலைகள் படி படியாக இருப்பதால் இதையும் 'தக்காண டிராப்' என்றே சொல்கிறார்கள். பனிஹாலுக்கும் காஜிகுண்டுக்கும் இடையே 2013-இல் திறக்கப்பட்ட 11 கி.மீ. ரயில் சுரங்கம் போவது அந்தப் பீர் பஞ்சால் மலைக்குள். ஆக, அந்தக் குழம்பின் ஒரு பகுதி மேலேயே தங்கி இன்று ரயிலுக்கு வழிவிட்டிருக்கிறது. இன்னொரு பகுதி, இந்திய நிலத்தின் முன்முனையோடு சேர்ந்து ஆழத்துக்குப் போனது. சோ மோரிரியில் நாம் பார்ப்பது அந்த இரண்டாவது பகுதி என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். கல்லின் ரசாயனக் கூட்டு அதற்குச் சாட்சி.

ஆழத்துக்குப் போன பசால்ட்டுக்கு எக்லோகைட் என்று பெயர். பச்சைப் பின்னணியில் சிவப்பு மணிகள் பதித்தது போல இருக்கும், பார்க்க அழகான கல். பச்சை நிறத்துக்குக் காரணம் ஓம்ஃபசைட் என்னும் தாது. சிவப்பு மணிகள் கார்னெட். நவரத்தினத்தில் கோமேதகம் என்று நாம் அணிவது கார்னெட் குடும்பத்துக் கல்தான். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் சிவந்து தெரிவதற்கும் இந்தக் கார்னெட் ஒரு காரணம்.

நிறத்தைவிட முக்கியமானது எடை. ஒரு கன மீட்டர் பசால்ட் சுமார் 3 டன் இருக்கும். எக்லோகைட் ஆனபின் அதே அளவு இடத்தில் 3.4 முதல் 3.5 டன் வரை அடங்குகிறது. பொருள் கூடவில்லை, அணுக்கள் நெருங்கி அமர்ந்துவிட்டன. விரார் வண்டியில் தாதர் தாண்டியதும் நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் உட்காருவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கல்லின் பருமன் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு சுருங்குகிறது.

சரி, 100 கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதுவே 12 கி.மீ. சொச்சம்தான். இந்த இடத்தில்தான் ஒரு பட்டறைக் கதை வருகிறது.

அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில் நார்ட்டன் என்ற கம்பெனி. பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு நார்ட்டன் சாணைச் சக்கரம் நன்றாகத் தெரியும். அங்கே வேலை பார்த்த லோரிங் கோஸ் என்ற ரசாயன அறிஞர், உயர் அழுத்தத்தில் தாதுக்களைச் செய்து பார்த்துவந்தார். 1953-இல், சாதாரண மணலில் இருக்கிற சிலிகாவை மிகுந்த அழுத்தத்தில் சூடாக்கியபோது அதுவரை யாரும் கண்டிராத ஒரு படிகம் கிடைத்தது. பொருள் அதே சிலிகா. அடுக்கு மட்டும் வேறு. குவார்ட்ஸ் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் என்றால் இது 2.92 கிராம். அவர் பெயராலேயே அதைக் கோயசைட் என்றார்கள்.

இயற்கையில் இது உண்டா என்று தேடினார்கள். 1960-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், விண்கல் விழுந்து உண்டான பெரும் பள்ளத்தில் கிடைத்தது. (நம் மகாராஷ்டிராவின் லோனார் ஏரியும் அப்படி விண்கல் விழுந்த பள்ளமே.) விண்கல் மோதினால் கண நேரத்துக்கு ஏற்படும் அதீத அழுத்தம்தான் கோயசைட்டை உண்டாக்கும், சாதாரண மலைப்பாறையில் அதைத் தேடுவது வீண் என்ற எண்ணம் அதன்பின் வெகுநாள் நிலவியது. 1984-இல் அந்த எண்ணம் உடைந்தது. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் டோரா மைரா என்ற இடத்துப் பாறையில், கார்னெட்டுக்குள் சிறைப்பட்டிருந்த கோயசைட்டைக் கிறிஸ்டியான் ஷோபான் கண்டார். அதே ஆண்டில் நார்வேயிலும் கண்டார்கள். 1990-இல் கஜகஸ்தானின் கோக்செதாவ் பகுதிப் பாறைகளில் நுண்ணிய வைரங்கள் இருப்பதும் தெரியவந்தது. வைரத்துக்கு இன்னும் கூடுதல் ஆழம் வேண்டும்.

இமயத்தில் 2001-இல் கிடைத்தது. டேராடூனில் உள்ள வாடியா இமாலயப் புவியியல் நிறுவனத்தைச் சேர்ந்த முகர்ஜி, சச்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சோ மோரிரி எக்லோகைட்டில் கோயசைட் இருப்பதை அறிவித்தார்கள். அதே ஆண்டில், இமயத்தின் மேற்கு முனையில் பாகிஸ்தானின் காகான் பள்ளத்தாக்கிலும் வேறொரு குழு கண்டது.

அதை அடையாளம் கண்ட முறை நமக்குப் பெருமை தருவது. பாறையை 0.03 மில்லிமீட்டர் மெல்லிய தகடாகச் சீவி நுண்நோக்கியில் வைப்பார்கள். கார்னெட்டுக்குள் உப்புக் கல்லைவிடச் சிறிய புள்ளி தெரியும். அது குவார்ட்ஸா, கோயசைட்டா? அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் படிகத்தின் கைரேகை. குவார்ட்ஸின் முக்கியக் கோடு 464 என்ற அளவில் விழும், கோயசைட்டினுடையது 521-இல். இந்த ஒளி மாற்றத்தை 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் கண்டறிந்தவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். நோபல் பரிசு என்பதோடு பிள்ளைகள் நிறுத்திக்கொள்கிறார்கள். ராமன் விளைவை வைத்து இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடலாம். பாறையின் எடை கன மீட்டருக்குச் சராசரி 2.8 டன். 100 கி.மீ. என்றால் 1,00,000 மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் அமரும் எடை 2,80,000 டன். சதுர சென்டிமீட்டருக்கு மாற்றினால் 28,000 கிலோ. சுமார் 600 முதல் 700 டிகிரி வெப்பத்தில், குவார்ட்ஸ் கோயசைட்டாக மாறக் குறைந்தபட்சம் கிட்டத்தட்ட இந்த அழுத்தம் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். ஆகவே கோயசைட் இருந்தால் அந்தக் கல் ஏறக்குறைய 100 கி.மீ. ஆழமாவது போயிருக்க வேண்டும். சோ மோரிரிக்கு இதைவிட ஆழம் சொல்வோரும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டு பிரஷர் குக்கரில் வெளிக்காற்றுக்கு மேல் இருக்கும் அழுத்தம் சுமார் 1 கிலோ. பழைய டபிள்யூ.பி. நீராவி எஞ்சினின் பாய்லரில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு, அதாவது 14.8 கிலோ. அந்தப் பாய்லரைப் போல 1,900 மடங்கு!

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மேலே வரும்போது அழுத்தம் குறைகிறதே, கோயசைட் மறுபடி குவார்ட்ஸாக மாறிவிடாதா? மாறிவிடும். பெரும்பாலும் மாறித்தான் போயிருக்கிறது. சிறிது நீர் இருந்தால் இன்னும் சீக்கிரம் மாறும். பிழைத்தவை கார்னெட்டுக்குள் அகப்பட்ட துணுக்குகள் மட்டுமே. கார்னெட் கெட்டியான படிகம். கோயசைட் குவார்ட்ஸாக மாற வேண்டுமானால் நூற்றுக்குப் பத்துப் பங்கு பெருக்க வேண்டும். சுற்றியுள்ள கார்னெட் அதற்கு இடம் தராமல், பாய்லர் சுவர் போல, உள்ளே பழைய அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் எங்கோ விரிசல் விடுகிறது. அப்போது ஓரங்கள் குவார்ட்ஸாகின்றன, நடுவில் கொஞ்சம் கோயசைட் மிஞ்சுகிறது. அந்தத் துணுக்கிலிருந்து நாலாபுறமும் கதிர் போல ஓடும் விரிசல்களை நுண்நோக்கியில் தெளிவாகப் பார்க்கலாம். பாய்லர் இன்ஸ்பெக்டர் வெடித்த தகட்டைப் பார்த்து உள்ளே அழுத்தம் எப்படி இருந்தது என்று சொல்வதைப் போன்ற வேலைதான் இது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தக் கண்டுபிடிப்புகளால் எது மாறியது?

கடலடித் தளம் கனமான பசால்ட். அது பூமிக்குள் அமிழும் என்பது 1960-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கண்டம் என்பது கிரானைட் போன்ற இலேசான பாறை, கன மீட்டருக்கு 2.7 டன்தான். அதன் அடியில் உள்ள மூடகப் பாறையோ 3.3 டன். தண்ணீரில் கட்டை மிதப்பதைப் போலக் கண்டம் மிதக்கிறது. ஆகவே அது ஆழத்துக்கு அமிழாது என்பதுதான் பாடம். கோயசைட் அந்தப் பாடத்தைத் திருத்தியது. ஏனென்றால் சோ மோரிரியில் எக்லோகைட் தனியாக இல்லை. சுமார் 48 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் உருமாறிய வெளிர்நிற நைஸ் பாறைக்குள், புளிச்சாதத்தில் கடலை கிடப்பதைப் போல, அங்கங்கே கட்டிகளாகக் கிடக்கிறது. அந்த நைஸ்தான் கண்டம். எக்லோகைட் ஆழத்துக்குப் போனது என்றால் கண்டமும் உடன் போயிருக்கிறது.

எப்படிப் போனது? இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற பெருங்கடல் இருந்தது. அதன் தளம் ஆசியாவின் ஓரத்துக்கு அடியில் அமிழ்ந்துகொண்டே வந்தது. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 15 செ.மீ. வேகத்தில் வடக்கே போனது. கடல் தளம் தீர்ந்ததும் அதோடு ஒட்டியிருந்த இந்தியாவின் முனை வந்து சேர்ந்தது. காட் இறக்கத்தில் கனமான சரக்கு வேகன்கள் முன்னே போகின்றன, பின்னால் காலி வேகன்கள் கோர்த்திருக்கின்றன என்று வையுங்கள். முன்னே உள்ள பாரம் பின்னே உள்ளதை இழுத்துக்கொண்டு இறங்கும். கப்ளிங் தாங்கும் வரை காலி வேகனும் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படித்தான் இந்தியாவின் முனையும் இறங்கியது. ஓர் ஆழத்தில் கப்ளிங் அறுந்தது. கனமான கடல் தளம் தன் வழியே கீழே போயிற்று. இலேசான கண்ட முனை நீருக்குள் அமுக்கிப் பிடித்த கட்டையை விட்டதைப் போல மேலே கிளம்பியது. எக்லோகைட் தனியே இருந்தால் மூடகத்தைவிடக் கனம்; அது திரும்பியே வந்திருக்காது. கட்டையில் அடித்த ஆணி கட்டையோடு மிதப்பதைப் போல, நைஸ் அதைச் சுமந்துகொண்டு வந்தது.

போனதும் வந்ததும் அவசரமாக நடந்தன என்பதற்குச் சான்று வெப்பம். 100 கி.மீ. ஆழத்தில் மூடகம் 1,200 டிகிரிக்கும் மேல் இருப்பது இயல்பு. சோ மோரிரிப் பாறைகள் கண்ட உச்ச வெப்பமோ பெரும்பாலான கணிப்புகளில் 600-இலிருந்து 750 டிகிரி வரைதான். பெரிய உருளைக்கிழங்கைக் கொதிநீரில் போட்டு ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டால் உள்ளே பச்சையாகவே இருக்குமல்லவா, அதே கதை. அங்கேயே தங்கியிருந்தால் வெந்து உருகி, கார்னெட்டும் கோயசைட்டும் அடையாளமில்லாமல் போயிருக்கும்.

நம் தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிரான பாறைகள் உண்டு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிக்கு அருகே சஃபிரின் என்ற தாது உள்ள பாறைகள் கிடைக்கின்றன. உலகெங்கும் ஆய்வாளர்கள் அறிந்த இடம். அங்கே ஆழம் இதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் வெப்பம் 1,000 டிகிரியை எட்டியிருக்கிறது. அதை மீயுயர் வெப்ப உருமாற்றம் என்பார்கள். அது 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வேறொரு கண்ட மோதலின் மிச்சம். வத்தலக்குண்டு வழியாக ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்கலாம்.

எப்போது நடந்தது என்பதில்தான் இன்று சண்டை. இதை அளக்க உதவுவது ஜிர்கான். இதுவும் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தாதுதான். ஜிர்கானுக்குள் சிறிது யுரேனியம் இருக்கும். அது மெள்ள மெள்ள ஈயமாகிறது. பாதி ஈயமாக 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் ஜிர்கான் வளர்ந்த காலம் கிடைக்கும். இந்த முறையிலும் வேறு முறைகளிலும் அளந்து ஒரு சாரார் சோ மோரிரிப் பாறை ஆழத்தில் இருந்தது 5.3 முதல் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் என்கிறார்கள். பிறகு அளந்த இன்னொரு சாரார் 4.3 முதல் 4.7 கோடி என்கிறார்கள். காகான் பாறைக்கு 4.6 கோடி என்பது ஏறக்குறைய உறுதி.

ஒரு கோடி ஆண்டு வித்தியாசத்தில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். இந்தியா ஆசியாவை முதலில் தொட்ட நாள் எது என்பதே இதைப் பொறுத்திருக்கிறது. கண்டத்தின் முனை 100 கி.மீ. ஆழத்தில் இருந்தது என்றால், அது ஆசியாவின் ஓரத்தைத் தொட்டது அதற்கும் முன்னால் இருக்க வேண்டும். முதல் கணக்கு சரியானால் மோதல் முந்துகிறது. சோ மோரிரியும் காகானும் வெவ்வேறு காலத்தில் அமிழ்ந்தவை ஆகின்றன. இரண்டாவது சரியானால் இரண்டும் ஒரே சமயத்தில் அமிழ்ந்த ஒரே முனை. இமயம் எழுந்த வேகம், திபெத் உயர்ந்த காலம் இவற்றையெல்லாம் கணக்கிடுவோர் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான். எனக்கு இரண்டாவது கணக்கு பொருத்தமாகப் படுகிறது. ஒரே கண்ட முனையின் இரண்டு இடங்கள் ஒன்றாக இறங்கின என்பது எளிமையான விளக்கம். ஆனால் தராசில் நிறுத்திய அளவுகள் இரு பக்கமும் இருக்கின்றன.

இந்தக் கதை முடிந்துவிடவும் இல்லை. இந்தியா இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்கிறது. அதில் ஏறக்குறைய 2 செ.மீ. இமயத்திலேயே அமுங்குகிறது. சில இடங்களில் பாறை சறுக்காமல் பூட்டிக்கொள்கிறது. பூட்டு விடும்போது நிலம் அதிர்கிறது. 2005 அக்டோபர் 8 காலை 7.6 அளவில் அதிர்ந்தபோது காகான் பள்ளத்தாக்கின் வாசலில் இருந்த பாலாகோட் நகரம் அநேகமாகத் தரைமட்டமாயிற்று. மொத்தம் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பக்கத்தில் ஊரி, தங்தார் பகுதிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கோயசைட் கிடைத்த அதே பள்ளத்தாக்கு அது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தை இழுத்த அதே நகர்வுதான் அந்தப் பள்ளிக்கூடங்களை இடித்தது.

ஆகவேதான் காஷ்மீர் ரயில் பாதை அமைத்தவர்கள் பாறையின் பூர்வீகத்தைக் கேட்காமல் ஒரு தூண்கூட நிறுத்தவில்லை. 2025 ஜூன் 6-இல் திறக்கப்பட்ட செனாப் பாலம் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதை நிலநடுக்க மண்டலம் ஐந்துக்குரிய விசைகளைத் தாங்கும்படி வடிவமைத்தார்கள். அடித்தளம் அமரும் மலைச்சரிவைப் பாறைக்கம்பி அடித்துக் கட்டிய பிறகே மேல் வேலை நடந்தது.

கோடை விடுமுறையில் டோம்பிவிலியிலிருந்து லடாக் போகும் குடும்பங்கள் இப்போது அதிகம். லேயில் இரண்டு நாளாவது தங்கி மூச்சுப் பழகிய பிறகே சோ மோரிரிக்குப் புறப்படுங்கள். அங்கே காற்று இன்னும் மெல்லியது. மாஹே பாலம் தாண்டி சும்தோ வழியாகப் போகும்போது, ஒரு கிளைச்சாலை வெந்நீர் ஊற்றுகள் உள்ள பூகாவுக்குப் பிரியும். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் வெளிர்நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைக் கட்டிகள் தெரிந்தால் அருகே போய்ப் பாருங்கள். உடைந்த முகத்தில் மிளகு அளவில் சிவப்பு மணிகள் இருந்தால் அது எக்லோகைட்டாக இருக்கலாம். கண்ணாடி வில்லை ஒன்று கொண்டுபோனால் பிள்ளைகளுக்குக் காட்ட வசதி. கோயசைட் மட்டும் வில்லைக்குத் தெரியாது. அதற்கு டேராடூன் ஆய்வுக்கூடத்து நுண்நோக்கியும் ராமனின் ஒளியும் வேண்டும்.